அண்ணன் கறுப்பு, தம்பி வெளுப்பு!

தோசைக்கல் கறுப்பு. தண்ணீர் டம்ளர் வெளுப்பு.

ஒன்று அடுப்படி மூலையில் சாய்ந்து கிடக்கிறது. மற்றொன்று அலமாரியில் கண்ணாடி போல் மின்னுகிறது.

பார்த்தால் இரண்டுக்கும் எந்த உறவும் இல்லை என்றுதான் தோன்றும். ஆனால் இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். அந்தத் தாயின் பெயர் இரும்பு!

ஆம். எவர்சில்வர் என்பது வெள்ளி அல்ல. அதில் ஒரு குன்றிமணி வெள்ளிகூடக் கிடையாது. நூறு பங்கு எவர்சில்வரில் சுமார் 70 பங்கு இரும்புதான்!

அமராவதி ஆற்றங்கரையில் இருக்கிறது தாராபுரம். அங்கும், சுற்றிலும் உள்ள கிராமங்களிலும் பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் சீர்ப் பாத்திரம் இல்லாமல் இராது. ஒரு காலத்தில் பித்தளையும் செம்பும் சீராகப் போயின. பிறகு எவர்சில்வர் வந்தது. குடம், அண்டா, போசி, தூக்குப்போசி, சொம்பு, டம்ளர் என்று எல்லாம் எவர்சில்வர் ஆயின.

புதியது வந்ததும் பழையது பரணுக்குப் போனது. பாட்டி காலத்து இரும்பு வடச்சட்டி, பணியாரச் சட்டி, தோசைக்கல் ஆகியவை துருப்பிடித்தன. பல வீடுகளில் அவை பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போய்விட்டன.

அப்படிப் போட்டது சரிதானா? எவர்சில்வர் வந்த பிறகு வார்ப்பு இரும்புக்கு வேலை இல்லையா?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல, இரண்டின் குணத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

உள்ளே இருப்பது என்ன?

வார்ப்பு இரும்பில் நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் இரும்பு இருக்கிறது. அதோடு 2 முதல் 4 பங்கு வரை கரி கலந்திருக்கிறது. கரி என்றால் கார்பன். கொஞ்சம் சிலிக்கனும் உண்டு.

அந்தச் சிறிதளவு கரிதான் எல்லா மாற்றத்தையும் செய்கிறது.

சுத்தமான இரும்பை உருக்க 1,538 டிகிரி சென்டிகிரேடு சூடு வேண்டும். கரி சேர்ந்த இரும்போ 1,150 முதல் 1,200 டிகிரியிலேயே உருகிவிடும். உருகியதும் தண்ணீர் போல் ஓடும். மண்ணில் அச்சு செய்து ஊற்றினால், அச்சின் வடிவத்தை அப்படியே எடுத்துக்கொள்ளும். அதனால்தான் அதற்கு வார்ப்பு இரும்பு என்று பெயர்.

எவர்சில்வரின் சேர்மானம் வேறு. அதில் கரி மிகமிகக் குறைவு. அதற்குப் பதில் குரோமியம் என்ற உலோகம் சேர்க்கப்படுகிறது. நல்ல பாத்திர எவர்சில்வரில் நூற்றுக்கு 18 பங்கு குரோமியமும், 8 பங்கு நிக்கலும் இருக்கும். இதைத்தான் கடைக்காரர்கள் 18-8 என்று சொல்கிறார்கள். தொழிற்சாலைக்காரர்கள் 304 என்பார்கள்.

டொக்கும் ணங்கும்

ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கரண்டியால் தட்டிப் பாருங்கள். 'ணங்' என்று நெடுநேரம் ஒலிக்கும். வார்ப்பு இரும்புச் சட்டியைத் தட்டிப் பாருங்கள். 'டொக்' என்று அடங்கிவிடும்.

காரணம் என்ன?

வார்ப்பு இரும்பு ஆறும்போது, அதில் உள்ள கரி தனியாகப் பிரிந்து, சிறு சிறு செதில்களாக உறைகிறது. இந்தச் செதில்கள் பென்சிலில் இருக்கும் கிராபைட் என்ற பொருளேதான். இரும்புக்குள் எங்கு பார்த்தாலும் இந்தச் செதில்கள் சிதறிக் கிடக்கும். தட்டினால் எழும் அதிர்வு ஒவ்வொரு செதிலிலும் மோதி அடங்கிவிடுகிறது. ஆகவே சத்தம் வருவது இல்லை.

இந்தச் செதில்களால் ஒரு கெடுதலும் உண்டு. அவை மெல்லிய வெடிப்புகள் போன்றவை. சட்டி கை தவறிக் கல் தரையில் விழுந்தால், அந்த இடத்தில் பிளந்துவிடும். வார்ப்பு இரும்பு வளையாது. உடையும்.

எவர்சில்வர் அப்படி அல்ல. கீழே விழுந்தால் நசுங்கும். உடையாது. ஒரு அடி நீளமுள்ள 18-8 துண்டை இழுத்தால், அறுவதற்கு முன் அது சுமார் ஒன்றரை அடி வரை நீளும்! வார்ப்பு இரும்பு நூற்றில் ஒரு பங்குகூட நீளுவது இல்லை.

ஆனால் அமுக்கும் பாரத்தைத் தாங்குவதில் வார்ப்பு இரும்பு சூரன். இழுத்தால் எவ்வளவு தாங்குமோ, அதைப்போல் மூன்று நான்கு மடங்கு அமுக்கத்தை அது தாங்கும்.

கொல்லன் அடித்த சட்டி வேறு

இங்கே ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய இரும்புச் சாமான்கள் எல்லாம் வார்த்தவை அல்ல. கொல்லன் உலையில் காய்ச்சி, சம்மட்டியால் அடித்துச் செய்த சட்டிகளும் உண்டு. அவை மெல்லியவை. தட்டினால் ஒலிக்கும். விழுந்தால் உடையாது.

கொங்கு நாட்டுக்கு இரும்பு வேலை புதிது அல்ல. ஈரோடு மாவட்டத்தில், சென்னிமலை அருகே, நொய்யல் ஆற்றங்கரையில் கொடுமணல் என்ற கிராமம் இருக்கிறது. அங்கே 1980-களிலும் அதற்குப் பின்னும் அகழ்வாராய்ச்சி நடந்தது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அங்கு இரும்பு உருக்கியதற்கும், மண் குகையில் வைத்து உருக்கு செய்ததற்கும் அடையாளங்கள் கிடைத்தன. சங்க நூலான பதிற்றுப்பத்திலும் இந்த ஊரின் பெயர் கொடுமணம் என்று வருகிறது.

இரும்பை உருக்கி அச்சில் வார்க்கும் வித்தையில் முந்திக்கொண்டவர்கள் சீனர்கள். கிறிஸ்து பிறப்பதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே அவர்கள் இரும்பை வார்த்தார்கள். ஐரோப்பாவில் அது பரவ வெகுகாலம் ஆயிற்று.

இங்கிலாந்தில் ஆபிரகாம் டார்பி என்பவர், மண் அச்சில் இரும்புச் சட்டி வார்க்கும் முறைக்கு 1707-ல் காப்புரிமை பெற்றார். 1709-ல் அவர் மரக்கரிக்குப் பதிலாகக் கல்கரியைப் போட்டு இரும்பு உருக்கினார். அதனால் வார்ப்பு இரும்பின் விலை இறங்கியது. ஏழைகளின் அடுப்பிலும் இரும்புச் சட்டி ஏறியது. அந்தக் குடும்பத்தின் பேரப்பிள்ளை 1779-ல் வார்ப்பு இரும்பாலேயே ஒரு பாலம் கட்டினார். அந்தப் பாலம் இன்றும் நிற்கிறது!

பன்னிரண்டு வயதுக் கூலிச் சிறுவன்

எவர்சில்வரின் கதை இன்னும் சுவையானது.

இங்கிலாந்தில் ஷெபீல்டு என்ற நகரம் கத்திக்குப் பெயர் போனது. அங்கே 1871-ல் ஓர் ஏழை வீட்டில் ஹாரி பிரேர்லி பிறந்தார். தகப்பனார் இரும்பு உருக்கும் தொழிலாளி. ஹாரி 12 வயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, தகப்பனார் வேலை செய்த இடத்தில் கூலியாகச் சேர்ந்தார். பிறகு சோதனைச்சாலையில் புட்டி கழுவும் வேலை கிடைத்தது. வேலை பார்த்துக்கொண்டே படித்தார். கடைசியில் ஓர் ஆராய்ச்சிச் சாலைக்கே தலைவர் ஆனார்!

துப்பாக்கிக் குழாய்கள் சீக்கிரம் தேய்ந்து போகின்றன, அதற்கு ஒரு வழி காண வேண்டும் என்ற வேலை அவரிடம் வந்தது. பலவிதமாகக் கலந்து பார்த்தார். 1913-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நூற்றுக்கு 12.8 பங்கு குரோமியம் கலந்து ஓர் இரும்பை உருக்கினார்.

உலோகத்தைப் பூதக்கண்ணாடியில் பார்க்க வேண்டுமானால், முதலில் திராவகத்தால் மேற்பரப்பை அரிக்க வேண்டும். பிரேர்லியும் திராவகத்தை ஊற்றினார். என்ன ஆச்சரியம்! வழக்கம் போல் அது அரிபடவில்லை.

வேறொருவர் என்றால் அலுத்துப்போய் அதைத் தூக்கி எறிந்திருக்கலாம். கத்தி செய்யும் ஊரில் பிறந்த பிரேர்லிக்கு வேறு யோசனை தோன்றியது. அந்தக் காலத்துச் சாப்பாட்டுக் கத்திகள் எலுமிச்சம் பழத்தை நறுக்கினாலே கறை பிடித்துவிடும். திராவகமே அரிக்காத இரும்பில் கத்தி செய்தால் என்ன?

அவ்வளவுதான்! கறைபடாத எஃகு கத்திப் பட்டறைக்குப் போயிற்று. அங்கிருந்து உலகம் எங்கும் பரவியது.

ஜெர்மனியிலும் அதே சமயத்தில் இந்த ஆராய்ச்சி நடந்தது. குரூப் என்ற பெரிய கம்பெனியின் விஞ்ஞானிகள் குரோமியத்தோடு நிக்கலையும் சேர்த்தார்கள். இன்று வீட்டில் புழங்கும் 18-8 பாத்திரம் அந்த வழியில் வந்ததுதான்.

கண்ணுக்குத் தெரியாத சட்டை

குரோமியம் சேர்ந்தால் துருப்பிடிக்காதது ஏன்?

இரும்பின் மீது ஈரமும், காற்றில் உள்ள பிராணவாயுவும் படும்போது துரு உண்டாகிறது. துரு கெட்டியாக ஒட்டிக்கொள்ளாது. பொலபொலவென்று உதிரும். உதிர்ந்த இடத்தில் புது இரும்பு வெளியே தெரியும். அதுவும் துருப்பிடிக்கும். இப்படியே இரும்பு கரைந்துகொண்டே போகும்.

குரோமியத்தின் மீதும் பிராணவாயு படுகிறது. ஆனால் அங்கே உண்டாவது உதிரும் துரு அல்ல. மெல்லிய, கெட்டியான ஒரு படலம். ஒரு தலைமயிரின் பருமனைச் சுமார் 20 ஆயிரம் கூறாகப் போட்டால், அதில் ஒரு கூறு அளவுதான் இருக்கும்! கண்ணுக்குத் தெரியாத இந்தச் சட்டை, காற்றையும் தண்ணீரையும் உள்ளே விடாது.

பாத்திரத்தைத் தேய்க்கும்போது சட்டை கிழிந்து போகாதா? கிழியும். காற்றுப் பட்டதும், தானே தைத்துக்கொள்ளும்! ஆனால் இரும்பில் குறைந்தது பத்தரைப் பங்கு குரோமியம் இருந்தால்தான் இது நடக்கும்.

வார்ப்பு இரும்புக்கு இந்தச் சட்டை கிடையாது. மனிதர்தான் அதற்குச் சட்டை போட வேண்டும். எண்ணெய் தடவிக் காய்ச்சுகிறார்களே, அதுதான் அந்தச் சட்டை. சூட்டில் எண்ணெய் இறுகி, பெயிண்டு போல் இரும்போடு ஒட்டிக்கொள்கிறது. தோசைக்கல் வழுவழுவென்று கறுப்பாக இருப்பதற்கு இதுவே காரணம்.

ஈயம் பூசும் தொல்லை தீர்ந்தது

தாராபுரத்தில் இருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் திருப்பூர். அதை ஒட்டினாற்போல் அனுப்பர்பாளையம் இருக்கிறது. திருப்பூருக்குப் பனியன் எப்படியோ, அனுப்பர்பாளையத்துக்குப் பாத்திரம் அப்படி! செம்பு, பித்தளை, எவர்சில்வர் என்று மூன்றிலும் அங்கே பாத்திரம் செய்கிறார்கள்.

பித்தளையில் புளிக்குழம்பு வைக்க முடியாது. களிம்பு ஏறிவிடும். அதைத் தடுக்க உள்ளே ஈயம் பூச வேண்டும். ஈயம் பூசுகிறவர் தெருவில் கூவிக்கொண்டு வருவார். அவருக்காகப் பெண்கள் காத்திருப்பார்கள். பூசிய ஈயம் சில மாதங்களில் தேய்ந்துவிடும். மறுபடியும் பூச வேண்டும்.

எவர்சில்வர் வந்தது. அந்தத் தொல்லை ஒழிந்தது. புளி, மோர் இரண்டுக்கும் அது அசைந்து கொடுப்பது இல்லை. தகடாக அடித்து, வட்டமாக வெட்டி, எந்திரத்தில் அமுக்கினால் போசியாகும். நீளும் குணம் இருப்பதால்தான் இப்படி அமுக்க முடிகிறது. வார்ப்பு இரும்பை இப்படி அமுக்கினால் தூளாகிவிடும்.

எவர்சில்வர் தகடு செய்யும் பெரிய தொழிற்சாலை சேலத்திலேயே இருக்கிறது. சேலம் உருக்காலை 1980-களின் தொடக்கத்தில் வேலையைத் தொடங்கியது. நாணயங்களுக்கு வேண்டிய எவர்சில்வர் வில்லைகளையும் அங்கே வெட்டினார்கள்.

பால் ஏன் அடிபிடிக்கிறது?

இவ்வளவு நல்ல எவர்சில்வரில் பால் காய்ச்சினால் அடிபிடிக்கிறதே, ஏன்?

எவர்சில்வர் சூட்டை எளிதில் கடத்தாது. எவர்சில்வரில் 1 பங்கு சூடு பரவும் நேரத்தில், வார்ப்பு இரும்பில் 3 பங்கு பரவும். அலுமினியத்தில் சுமார் 15 பங்கு. செம்பில் சுமார் 25 பங்கு!

அடுப்பின் சுவாலை படும் இடம் மட்டும் எவர்சில்வரில் கொதிக்கும். பக்கத்து இடம் ஆறியிருக்கும். கொதிக்கும் இடத்தில் பால் கருகி ஒட்டிக்கொள்ளும். இதற்காகத்தான் சில பாத்திரங்களுக்கு அடியில் செம்பு பூசுகிறார்கள். அலுமினியத் தகட்டை நடுவில் வைத்தும் செய்கிறார்கள்.

வார்ப்பு இரும்பில் தோசை நன்றாக வருவதற்கு வேறொரு காரணமும் உண்டு. அது கனம்.

ஒரு கிலோ எவர்சில்வரும், ஒரு கிலோ வார்ப்பு இரும்பும் ஏறக்குறைய ஒரே அளவு சூட்டைத்தான் பிடித்து வைக்கும். ஆனால் தோசைக்கல் தடிமனாக இருக்கிறது. 3 கிலோ தோசைக்கல், அரைக் கிலோ எவர்சில்வர் தட்டைப்போல் ஆறு மடங்கு சூட்டைச் சேர்த்து வைக்கும். குளிர்ந்த மாவை ஊற்றினாலும் அது அயர்ந்து போகாது. அடுத்த தோசைக்கும் தயாராக நிற்கும்.

இன்னொரு வேடிக்கை. வார்ப்பு இரும்புதான் கனமான உலோகம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது! ஒரே அளவுள்ள இரண்டு துண்டுகளை எடைபோட்டால், எவர்சில்வர்தான் அதிகம் நிற்கும். தண்ணீரைப்போல் எவர்சில்வர் சுமார் 8 மடங்கு கனம். வார்ப்பு இரும்பு 7 மடங்குக்குச் சற்று மேல். வார்ப்பு இரும்பை மெல்லியதாகச் செய்தால் உடைந்துவிடும். ஆகவே தடிமனாக வார்க்கிறார்கள். சட்டி கனப்பதற்குக் காரணம் அந்தத் தடிமன்தான்.

ஆலையில் இருவரும் உண்டு

இந்த இரண்டு உலோகங்களையும் ஒரே தொழிலில் பார்க்க வேண்டுமா? திருப்பூர் வட்டாரத்துத் துணித் தொழிலைப் பார்த்தால் போதும்.

நூற்பாலையில் கதிர்கள் நிமிடத்துக்குப் பல ஆயிரம் தடவை சுற்றுகின்றன. எந்திரம் அதிர்ந்தால் நூல் அறும். இப்படிப்பட்ட எந்திரங்களின் சட்டங்களையும், கடைசல் எந்திரத்தின் அடிப்பாகத்தையும் வார்ப்பு இரும்பில் செய்வது வழக்கம். சட்டியைத் தட்டினால் 'டொக்' என்று அடங்குகிறதே, அதே குணம் இங்கே எந்திரத்தின் நடுக்கத்தை அடக்குகிறது. வீட்டில் கிராபைட் செதில் ஒரு குறை. ஆலையில் அதுவே உபகாரம்!

சாயப் பட்டறைக்குப் போனால் கதை மாறுகிறது. அங்கே வார்ப்பு இரும்பைத் தொட்டியாக வைக்க முடியாது. எல்லாம் எவர்சில்வர்தான்.

ஏன் தெரியுமா? பருத்தித் துணியை வெளுக்க ஹைட்ரஜன் பெராக்சைடு என்ற ரசாயனத்தைப் போடுகிறார்கள். அந்தத் தண்ணீரில் துணி மேல் ஒரு துரும்பு அளவு துரு ஒட்டியிருந்தால் போதும். அந்த இடத்தில் ரசாயனம் வேகமாகப் பொங்கி, நூலையே தின்றுவிடும். வெளுத்து வரும் துணியில் ஊசி குத்தினாற்போல் ஓட்டை விழும்! ஒரு துளி துருவால் பனியன் பாழ்.

எவர்சில்வருக்கும் ஓர் எதிரி உண்டு. அதுதான் உப்பு. துணியில் சாயம் ஏற உப்பை அள்ளிப் போடுகிறார்கள். உப்பில் உள்ள குளோரைடு, அந்த மெல்லிய சட்டையை அங்கங்கே துளைத்துவிடும். ஊசி முனை அளவு குழி விழும். அது உள்ளே ஆழமாகப் போகும். ஆகவே சாய எந்திரங்களில் 316 என்ற வகையைச் சேர்க்கிறார்கள். அதில் மாலிப்டினம் என்ற உலோகம் நூற்றுக்கு 2 முதல் 3 பங்கு இருக்கும். அது உப்பைச் சற்று அதிகம் எதிர்த்து நிற்கும். விலையும் அதிகம்.

தோட்டத்துக் கிணற்றிலும் இதே கதைதான். திறந்த கிணற்றின் மேட்டில் உட்காரும் பம்பின் கூடு பெரும்பாலும் வார்ப்பு இரும்பு. தடிமனாக இருக்கலாம், இடம் இருக்கிறது. ஆழ்துளைக் கிணற்றிலோ துவாரம் சிறியது. பம்பு எந்நேரமும் தண்ணீருக்குள்ளேயே கிடக்க வேண்டும். அங்கே மெல்லியதாகவும், துருப்பிடிக்காததாகவும் இருக்க வேண்டும். ஆகவே பல பம்புகளுக்கு எவர்சில்வர் உறை.

எவர்சில்வர் கொடுக்காத ஒன்று

இனி அடுப்படிக்கு வருவோம். முக்கியமான விஷயம் அங்கேதான் இருக்கிறது.

எவர்சில்வரின் பெருமை, அது எதையும் கொடுக்காது என்பதுதான். வார்ப்பு இரும்பின் குறை, அது தன்னையே கொஞ்சம் கொடுத்துவிடும் என்பது. இரும்புச் சட்டியில் புளிக்குழம்பு வைத்தால் கறுத்துப்போகும். புளிப்பு, இரும்பைக் கரைத்துக் குழம்பில் சேர்க்கிறது.

பார்க்க நன்றாக இல்லைதான். ஆனால், அந்த இரும்பு உடம்புக்கு வேண்டிய இரும்பு!

ரத்தத்தில் சிவப்பு நிறம் இரும்பால் வருவது. இரும்புச் சத்து குறைந்தால் ரத்தசோகை உண்டாகும். முகம் வெளுக்கும். படி ஏறினால் மூச்சு வாங்கும். வேலையில் அயர்வு தட்டும். கர்ப்பிணிகளுக்கு அது ஆபத்து.

தேசியக் குடும்ப நல ஆய்வு 2019-21-ம் ஆண்டுகளில் நடந்தது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 53 பேருக்கு ரத்தசோகை இருப்பதாக அது கண்டது. இந்தியா முழுவதும் எடுத்துக்கொண்டால் 100-க்கு 57 பேர். பாதிப் பெண்களுக்கு மேல்!

ஓர் ஆணுக்கு நாளைக்கு 19 மில்லிகிராம் இரும்பு வேண்டும். பெண்ணுக்கு 29 மில்லிகிராம் வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் சொன்ன கணக்கு இது. பெண்ணுக்குத் தேவை அதிகம். ஆனால் எல்லோரும் சாப்பிட்ட பிறகு, மிச்சத்தைச் சாப்பிடுகிறவளும் அவள்தான்.

கம்போடியா நாட்டில் ஒரு முயற்சி நடந்தது. 2008-ல் கிறிஸ்டோபர் சார்லஸ் என்ற கனடா நாட்டு இளைஞர் அங்கே போனார். குழம்பு கொதிக்கும்போது ஓர் இரும்புக் கட்டியை அதில் போடுங்கள் என்று பெண்களிடம் சொன்னார். யாரும் போடவில்லை. குழம்பில் இரும்புக் கட்டியா என்று ஒதுக்கிவிட்டார்கள். பிறகு, அந்த ஊரில் அதிர்ஷ்டம் தரும் என்று நம்பப்படும் ஒரு மீனின் உருவத்தில் இரும்பை வார்த்துக் கொடுத்தார். உடனே வாங்கிக் குழம்பில் போட்டார்கள்!

அந்த இரும்பு மீனால் எல்லோருக்கும் குணம் ஆயிற்றா? இல்லை. சில இடங்களில் பலன் தெரிந்தது. பிறகு நடந்த ஓர் ஆராய்ச்சியில் பலன் தெரியவில்லை. அங்கே பலருக்கு ரத்தசோகைக்குக் காரணம் இரும்புக் குறைவு அல்ல. பரம்பரையாக வரும் ரத்தக் கோளாறு.

இதில் பாடம் இருக்கிறது. இரும்புச் சட்டி ஒரு துணை. அது மருந்து அல்ல. டாக்டர் இரும்பு மாத்திரை கொடுத்தால், அதைக் கட்டாயம் சாப்பிட வேண்டும். ரத்தசோகைக்குக் குடல் புழு, அதிக ரத்தப்போக்கு போன்ற பல காரணங்கள் இருக்கலாம். சோதித்துப் பார்ப்பதே நல்லது. பரம்பரை ரத்தக் கோளாறு உள்ளவர்களுக்கு அதிக இரும்பு கெடுதல். அவர்கள் டாக்டரைக் கேட்டுத்தான் இரும்புச் சட்டியில் சமைத்த உணவைச் சாப்பிட வேண்டும்.

சட்டியில் சமைத்தது உடம்பில் சேரவும் ஒரு வழி உண்டு. சாப்பாட்டோடு நெல்லிக்காய், எலுமிச்சை, தக்காளி சேர்ந்தால் இரும்பு நன்றாக ஒட்டும். சாப்பிட்ட உடனே காப்பியும் டீயும் குடித்தால், ஒட்டாமல் போய்விடும்.

எதை எப்படிக் காப்பாற்றுவது?

வார்ப்பு இரும்புக்கு:

பழைய சட்டி துருப்பிடித்திருந்தால் கவலை வேண்டாம். நன்றாகத் தேய்த்துத் துருவைப் போக்க வேண்டும். கழுவி, அடுப்பில் வைத்து ஈரம் போகக் காய்ச்ச வேண்டும். மெல்லியதாக எண்ணெய் தடவி, புகை வரும் வரை சூடுபடுத்தி, ஆற விட வேண்டும். நாலைந்து தடவை இப்படிச் செய்தால் கறுப்புச் சட்டை ஏறிவிடும்.

காய்ந்த கல்லில் சடாரென்று பச்சைத் தண்ணீரை ஊற்றக் கூடாது. வெடித்துவிடும்.

குழம்பை அதிலேயே இரவு முழுவதும் வைக்கக் கூடாது. சமைத்த உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் ருசி கெடும். சட்டியின் கறுப்புச் சட்டையும் கரையும்.

எவர்சில்வருக்கு:

தண்ணீர் கொதித்த பிறகு உப்பைப் போட வேண்டும். ஆறிய தண்ணீரில் போட்டால் உப்புக் கல் அடியில் தங்கி, அந்த இடத்தில் குழி விழலாம்.

பிளீச்சிங் பவுடரால் பாத்திரம் துலக்கக் கூடாது. உப்புத் தண்ணீர் உள்ள ஊர்களில், கழுவியதும் துடைத்து வைத்தால் வெள்ளைப் படிவு வராது.

இரும்புக் கம்பி நாரால் தேய்த்தால், அதன் துகள் ஒட்டிக்கொண்டு பழுப்புப் புள்ளியாகத் துருப்பிடிக்கும். பாத்திரம் துருப்பிடித்துவிட்டதாக மோசம் போக வேண்டாம்.

காந்தம் சொல்வது உண்மையா?

"காந்தம் ஒட்டினால் போலி, ஒட்டாவிட்டால் நல்ல எவர்சில்வர்" என்று பலர் நம்புகிறார்கள். இது முழு உண்மை அல்ல.

18-8 வகையில் காந்தம் ஒட்டாது என்பது சரிதான். ஆனால் நிக்கலைக் குறைத்து, மாங்கனீசு சேர்த்துச் செய்யும் மலிவு வகையிலும் காந்தம் ஒட்டாது! குரோமியம் மட்டும் சேர்ந்த வகையிலோ காந்தம் ஒட்டும். 2011-ல் வந்த ஒரு ரூபாய்க் காசு அந்த வகைதான். காந்தத்தில் பச்சென்று ஒட்டும். ஆனாலும் அது எவர்சில்வரே.

ஆகவே காந்தத்தை நம்புவதைவிட, ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பார்த்து, பில் போட்டு வாங்குவது நல்லது. மின்சாரத்தால் ஓடும் இண்டக்‌ஷன் அடுப்புக்கு மட்டும் காந்தம் உதவும். அடியில் காந்தம் ஒட்டும் பாத்திரம்தான் அந்த அடுப்பில் சூடாகும். வார்ப்பு இரும்பு தாராளமாகச் சூடாகும்.

வேலைக்கு ஏற்ற ஆள்

தண்ணீர் பிடிக்க, மோர் வைக்க, பிள்ளைக்குத் தூக்கில் சாப்பாடு கொடுத்தனுப்ப எவர்சில்வருக்கு இணை கிடையாது.

தோசை சுட, பணியாரம் ஊற்ற, கீரை வதக்க, வத்தக்குழம்பு கொதிக்க வார்ப்பு இரும்புக்கு இணை கிடையாது.

துருப்பிடிக்கிறதே என்று அண்ணனைத் திட்டுகிறோம். துருப்பிடிக்கிற குணம் இருப்பதால்தான் அவனால் குழம்புக்கு இரும்பைக் கொடுக்க முடிகிறது. தம்பி எதையும் கொடுக்க மாட்டான். அதனால்தான் அவனிடம் மோரை நம்பி ஒப்படைக்க முடிகிறது.

பரணில் ஒரு பழைய இரும்புச் சட்டி கிடக்குமானால், எடைக்குப் போட்டால் கிடைப்பது சில்லறைக் காசு. இறக்கித் துலக்கி எண்ணெய் தடவினால், பேத்தி காலம் வரை அடுப்பில் உழைக்கும்.